உடையாத முறுக்கும் வீணாகாத பெட்டியும்



அட்டைப்பெட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். பொருள் வந்து சேர்ந்ததும் கிழித்து எறியும் ஒன்றுக்கு ஒரு கட்டுரையா என்று கேட்கவும் கூடும். ஆயினும் நம் தாய்மார்கள் பலர் இன்று வீட்டிலிருந்தே பலகாரம் செய்து நாடு முழுவதும் அனுப்பிப் பிழைக்கின்றனர். அவர்களின் உழைப்பு முழுவதும் அந்தப் பெட்டிக்குள்தான் பயணம் செய்கிறது. பெட்டி நசுங்கினால் முறுக்கு உடைகிறது. முறுக்கு உடைந்தால் அந்த மாத வீட்டு வாடகைக்கு வைத்திருந்த பணத்தில் கை வைக்க வேண்டியிருக்கிறது. ஆகவேதான் இதனை எழுதத் துணிந்தேன்.

அட்டைப்பெட்டிக்கு முன்பு

நம் பாட்டன் பாட்டியர் காலத்தில் பொருளைப் பொதிந்து அனுப்பும் கலை வேறு விதமாக இருந்தது. 1926-ஆம் ஆண்டு முதல் 1973 வரை தமிழகத்துக்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ரஜுலா கப்பலில் வந்தவர்கள், தகரப் பெட்டியும் ஓலைப்பெட்டியுமாகக் கரையிறங்கினர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். உடன்குடிக் கருப்பட்டி பனையோலைக் கொட்டானில் ஊர் ஊராகப் போகும். விதை நெல்லை வைக்கோற்பிரியால் இறுகச் சுற்றிக் கோட்டையாகக் கட்டி வைப்பர். பீங்கான் சாடிகளை வைக்கோலுக்கு நடுவே படுக்க வைத்து வண்டியேற்றுவர். வேலை முடிந்ததும் ஓலை அடுப்புக்குப் போகும்; வைக்கோல் மாட்டுக்குப் போகும். குப்பை என்று தனியாக எதுவும் மிஞ்சியதில்லை.

அவர்கள் வந்திறங்கிய துறைமுகங்களுள் ஒன்று போர்ட் சுவெட்டன்ஹாம். 1901-இல் திறக்கப்பட்ட அத்துறைமுகம் 1972-இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் கண்டது. இன்று அங்கே ஓலைப்பெட்டி இல்லை. 2024-ஆம் ஆண்டில் மட்டும், இருபதடிக் கொள்கலன் கணக்கில், 14 மில்லியனுக்கும் மேற்பட்ட கொள்கலன்களை அது கையாண்டது. அந்தக் கொள்கலன்களில் பலவற்றைத் திறந்தால் உள்ளே அடுக்கடுக்காக இருப்பவை அட்டைப்பெட்டிகளே.

அட்டைப்பெட்டியின் வரலாறும் சுவையானது. நெளிநெளியாக மடித்த தாளுக்கு 1856-இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றபோது, அது உயரமான தொப்பிகளுக்கு உட்புறம் வைக்கும் பொருளாகத்தான் இருந்தது. 1871-இல் அமெரிக்காவில் ஆல்பர்ட் ஜோன்ஸ் என்பவர் அதனைக் கண்ணாடிப் போத்தல்களையும் விளக்குக் கூண்டுகளையும் சுற்றி அனுப்பப் பயன்படுத்தினார். 1874-இல் ஆலிவர் லாங் என்பவர், நெளிதாளின் இருபுறமும் தட்டையான தாளை ஒட்டும் முறையைக் கொண்டுவந்தார். இன்று நாம் காணும் அட்டை அடிப்படையில் அதுதான். உடையும் பொருளைக் காப்பதற்காகவே பிறந்த அட்டை இது என்பதை நினைவில் வையுங்கள்.

நான் ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற நாளில், கைவினைப் பாடத்துக்கு எங்களுக்குக் கிடைத்த மலிவான பொருள் இந்த அட்டைதான். வீடு செய்தோம், கோபுரம் செய்தோம், எண்ணட்டை வெட்டினோம். ஒருநாள் விரிவுரையாளர் ஒருவர், "இந்த அட்டைக்கு நடுவில் ஏன் அலை இருக்கிறது என்று உங்களில் யாராவது பிள்ளைகளுக்குச் சொல்வீர்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை என் மாணவர்களிடம் ஆண்டுதோறும் கேட்டு வருகிறேன்.

ஒரு தாயின் கணக்கு

கிள்ளானில் நான் பணிபுரியும் பள்ளியில் பயின்ற ஒரு மாணவனின் தாயார் பலகாரம் செய்து விற்பவர். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-இல் நடப்புக்கு வந்தபோது அவருடைய கணவருக்கு வேலை போயிற்று. அடுக்குமாடி வீட்டின் சிறிய சமையலறையில் முறுக்கும் அச்சு முறுக்கும் நெய்யுருண்டையும் செய்து, சிவப்பு மூடி போட்ட நெகிழிப் போத்தல்களில் அடைத்து விற்கத் தொடங்கினார். அக்கம்பக்கத்தில் தொடங்கிய வணிகம் இணையத்தின் வழி பினாங்குக்கும் ஜொகூருக்கும் சபாவுக்கும் சென்றது.

2023-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு அவர் அனுப்பிய பொட்டலங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடைந்து போய்ச் சேர்ந்தன. வாங்கியவர்கள் படம் எடுத்து அனுப்பினர். சிலர் பணத்தைத் திரும்பக் கேட்டனர். அவரும் ஒரு சொல் எதிர்த்துப் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். பொட்டலத்தைக் கொண்டு சென்ற நிறுவனம், "கட்டியது சரியில்லை" என்று கூறிவிட்டது.

அதன் பிறகு அவர் செய்தது நம்மில் பலரும் செய்யக்கூடியதே. கடைகளில் 'பபள் ரேப்' என்று கேட்டால் தருவார்களே, அந்தக் குமிழ் நெகிழியை இரண்டு சுற்றுக்குப் பதிலாக ஐந்து சுற்றுச் சுற்றினார். பொட்டலம் பருத்தது, பெரிய பெட்டி வேண்டியதாயிற்று. பெட்டி பெரிதாகவே, உள்ளே இடைவெளி கூடிற்று. அதை நிரப்ப மேலும் நெகிழி. அனுப்பும் கட்டணமும் ஏறிற்று.

கட்டணம் ஏன் ஏறுகிறது என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் செண்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 அல்லது 6000-ஆல் வகுப்பர். வரும் விடை 'கன அளவு எடை' எனப்படும். உண்மை எடை, கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம். அவர் பயன்படுத்திய பெட்டி 40 × 30 × 30. பெருக்கினால் 36,000, 5000-ஆல் வகுத்தால் 7.2 கிலோ. உள்ளே இருந்த பலகாரமோ இரண்டு கிலோவைக்கூட எட்டாது.

பெற்றோர் சந்திப்பு நாளில் இதை நான் தாளில் போட்டுக் காட்டியபோது, அவர் சற்று நேரம் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் முறுக்கு விக்கல டீச்சர், காத்துதான் வித்துக்கிட்டு இருந்திருக்கேன்" என்றார். அடுத்த தீபாவளிக்குச் செய்வதா, விட்டுவிட்டு மீண்டும் தொழிற்சாலை வேலைக்குப் போவதா என்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் கூறினார். தொழிற்சாலை என்றால் இரவு வேலை. வீட்டில் இருந்த சிறு பிள்ளைகளை யார் பார்ப்பது?

வகுப்பறைக்குள் வந்த பெட்டி

2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு அகற்றப்பட்ட பின்னர் ஆறாம் ஆண்டு மாணவர்களோடு செய்து பார்க்கும் பாடங்களுக்கு நேரம் கிடைக்கிறது. ஆறாம் ஆண்டு அறிவியலில் நிலைத்தன்மையும் வலிமையும் ஒரு தலைப்பு. கழிவுப்பொருள் மற்றொரு தலைப்பு. இரண்டையும் சேர்த்து ஒரே பணியாகக் கொடுத்தேன்: "உடையக்கூடிய ஒரு பொருளை, மிகக் குறைந்த அட்டையில், நெகிழி இல்லாமல் அனுப்ப ஒரு பெட்டி வடிவமையுங்கள்."

யாருடைய தாயார், என்ன இழப்பு என்பதை நான் வகுப்பில் சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் வீட்டுத் துயரம் மற்றப் பிள்ளைகளுக்குப் பாடமாகக் கூடாது. மாணவர்கள் முட்டை வைக்கலாம், அகல் விளக்கு வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தனர். அப்போது அந்த மாணவனே கையை உயர்த்தி, "டீச்சர், எங்க அம்மா செய்யற முறுக்க வெச்சுப் பாக்கலாமா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டது. சோதனை முடிந்ததும் உடைந்ததைத் தின்னலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

நாங்கள் கற்றவற்றை வரிசையாகத் தருகிறேன். பொருள் அனுப்பும் யாருக்கும் இவை பயன்படும்.

1. அலை நிற்க வேண்டும், படுக்கக் கூடாது.

ஒரே பெட்டியிலிருந்து வெட்டிய அட்டையில் இரண்டு சிறு பெட்டிகள் செய்தோம். ஒன்றின் சுவர்களில் அலைக்கோடுகள் மேலிருந்து கீழாக; மற்றதில் இடமிருந்து வலமாக. மேலே பாடநூல்களை அடுக்கினோம். படுத்த அலை விரைவில் மடிந்தது. நின்ற அலை தாங்கிற்று. ஒவ்வோர் அலையும் ஒரு குட்டித் தூண். தூணைப் படுக்க வைத்தால் கூரை நிற்குமா? பழைய பெட்டியை வெட்டி மாற்றுப் பெட்டி செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதனையே.

2. வலிமை மூலைகளில் இருக்கிறது.

பெட்டியின் மேல் வரும் பாரத்தில் பெரும்பகுதியை நான்கு மூலைகளே தாங்குகின்றன. சுவரின் நடுப்பகுதி சற்று அழுத்தினாலே வெளிப்பக்கம் புடைத்துவிடும். ஆகவே பழைய பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் மூலைகளைத் தொட்டுப் பாருங்கள். மூலை நசுங்கியிருந்தால் அந்தப் பெட்டி எவ்வளவு புதிதாகத் தோன்றினாலும் அதை விட்டுவிடுங்கள். பெட்டிகளை அடுக்கும்போதும் மூலைக்கு மேல் மூலை வருமாறு அடுக்க வேண்டும். செங்கல் சுவர்போல மாற்றி மாற்றி அடுக்கினால் அடுக்கு சாயாது. ஆனால் கீழ்ப்பெட்டி தாங்கும் வலிமை வெகுவாகக் குறைந்துவிடும்.

3. பெட்டியின் வாய் எந்தப் பக்கம்?

இது கணிதப் பாடமாகவே மாறிற்று. 20 × 20 × 10 அளவுள்ள பெட்டி ஒன்று வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான பெட்டியில் மேலும் கீழும் நான்கு நான்கு மடல்கள் இருக்கும். வெளிமடல் இரண்டும் நடுவில் வந்து சேரும். வாயை அகன்ற பக்கத்தில், அதாவது 20 × 20 பக்கத்தில் வைத்தால், சுற்றளவு 80, உயரம் 10, மேல்மடலும் கீழ்மடலும் தலைக்கு 10. ஆக 80 × 30, அதாவது 2400 சதுர செண்டிமீட்டர் அட்டை வேண்டும். வாயைக் குறுகிய பக்கத்தில், 20 × 10 பக்கத்தில் வைத்தால் சுற்றளவு 60, உயரம் 20, மடல்கள் தலைக்கு 5. ஆக 60 × 30, அதாவது 1800 போதும். அதே பெட்டி, அதே கொள்ளளவு. வாயை மாற்றியதில் கால் பங்கு அட்டை மிச்சம்!

வகுப்பில் கணக்கில் கெட்டிக்காரியான ஒரு மாணவி மற்ற அளவுகளையும் போட்டுப் பார்த்தாள். நீளம் இரண்டு பங்கு, அகலம் ஒரு பங்கு, உயரம் இரண்டு பங்கு என்னும் விகிதத்தில்தான் அட்டை மிகக் குறைவாகச் செலவாகிறது என்று கண்டுபிடித்தாள். பெட்டி வடிவமைப்போர் நெடுங்காலமாக அறிந்த விகிதம் இது. அதை நான் அவளுக்குச் சொன்னபோது அவள் வருந்தவில்லை. "அப்ப நான் போட்ட கணக்கு சரிதானே டீச்சர்?" என்றாள்.

4. பெட்டிக்குள் பொருள் அசையக் கூடாது.

பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் கட்டியது போதாது. மாணவர்கள் வெட்டி எஞ்சிய அட்டைத் துண்டுகளை விசிறிபோல் மடித்துச் சுவருக்கும் போத்தலுக்கும் இடையே செருகினர். இரண்டு போத்தல்களுக்கு நடுவே ஓர் அட்டைத் தடுப்பு வைத்தனர். அட்டையின் அலை அமுங்கும்போது மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்கிறது. வீட்டில் பழைய நாளிதழ் இருந்தால் அதையும் கசக்கி வைக்கலாம். எழுத்து மை உணவில் படாதிருந்தால் போதும். ஆனால் 1924-இல் தொடங்கிய தமிழ் நேசனும் 2019-இல் நின்றுபோன பிறகு, பல வீடுகளில் பழைய தமிழ் நாளிதழே கிடைப்பதில்லை என்று மாணவர்கள் கூறியதும் உண்மையே.

5. மேசை உயரத்திலிருந்து பத்து முறை.

பெட்டிகளைச் சோதிப்பதற்கென்றே அனைத்துலகப் பாதுகாப்புப் போக்குவரத்துச் சங்கம் என்னும் அமைப்பு 1948 முதல் இயங்கி வருகிறது. அதன் தொடக்கநிலைச் சோதனையில், 9 கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தை ஏறத்தாழ 76 செண்டிமீட்டர் உயரத்திலிருந்து பத்து முறை போடுவர்: ஒரு மூலை, அம்மூலையில் சேரும் மூன்று விளிம்புகள், பிறகு ஆறு பக்கங்கள். அந்த உயரம் ஏறக்குறைய என் மேசையின் உயரம். எனவே எங்களுக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

குற்றம் எங்கே இருந்தது?

முதல் நாள் ஐந்து குழுக்களின் பெட்டிகளும் மேசையிலிருந்து விழுந்தன. பெட்டிகள் நன்றாகவே இருந்தன. ஒன்றுகூட நசுங்கவில்லை. போத்தல்களும் விரிசல் காணவில்லை. ஆனால் திறந்து பார்த்தால் ஐந்திலும் முறுக்கு தூளாகியிருந்தது!

மாணவர்கள் சோர்ந்து போயினர். இன்னும் தடித்த அட்டை வேண்டும் என்று ஒரு குழு கூறிற்று. இரண்டு பெட்டி, ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கலாம் என்றது மற்றொரு குழு. அந்தத் தாயார் ஐந்து சுற்று நெகிழி சுற்றியதும் இதே எண்ணத்தில்தான். அப்போது ஒரு மாணவன் போத்தலை மட்டும் தனியாக எடுத்துக் காதருகே குலுக்கினான். கடகடவென்று சத்தம் கேட்டது. போத்தலின் மேற்பகுதியில் இரண்டு விரற்கடை இடைவெளி; அந்த இடைவெளியில் முறுக்குகள் எழுந்து விழுந்து ஒன்றையொன்று உடைத்துக்கொண்டிருந்தன. வெளியே எத்தனை சுற்றுச் சுற்றினாலும் உள்ளே நடக்கும் சண்டையை அது தடுக்குமா?

அடுத்த வாரம் முறுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்க வைத்து, இரண்டு அடுக்குக்கு ஒருமுறை வட்டமாக வெட்டிய எண்ணெய் ஒட்டாத் தாளை இட்டனர். மேல் இடைவெளியில் அதே தாளைக் கசக்கி வைத்து, மூடி மெல்ல அழுத்தும்படி மூடினர். மீண்டும் பத்து முறை போட்டோம். சில முறுக்குகளின் முனை மட்டும் உதிர்ந்திருந்தது. வகுப்பில் எழுந்த ஆரவாரத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்தார். தின்பதற்கு உடைந்த முறுக்கு இல்லையே என்று ஒருவன் மட்டும் வருத்தப்பட்டான்.

முடிவில் மாணவர்கள் வடிவமைத்த பெட்டி 30 × 17 × 22. இரண்டு போத்தல், நடுவே ஒரு தடுப்பு, சுற்றிலும் அட்டை விசிறி. கன அளவு எடை ஏறத்தாழ 2.2 கிலோ; முன்பு அது 7.2. அட்டையின் அளவு 8400 சதுர செண்டிமீட்டரிலிருந்து 3666 ஆகக் குறைந்தது. குமிழ் நெகிழி அறவே இல்லை.

மழையும் மாவும்

இத்துடன் எல்லாம் முடிந்துவிடவில்லை. அட்டையின் பெரும் பகைவன் ஈரம். உலகில் பெட்டிகளின் வலிமையை ஆய்வுக்கூடத்தில் அளக்கும்போது 23 பாகை வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் இருக்கும்படி வைத்துக்கொள்வர். நம் நாட்டில் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சர்வ சாதாரணம். ஈரப்பதம் 90 விழுக்காட்டை எட்டினால் அட்டைப்பெட்டி தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். தாள் ஈரத்தை உறிஞ்சும். அலையை ஒட்டியிருக்கும் பசையும் மாவுப்பசைதான். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலைதோறும் பெய்யும் மழையை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே பெட்டியை வெறும் சிமெண்டுத் தரையில் வைக்கக் கூடாது. பலகை மேல் வைக்க வேண்டும். சுடச்சுடப் பலகாரத்தை அடைத்தால் ஆவி உள்ளேயே தங்கி முறுக்கையும் கெடுக்கும். எண்ணெய் பட்ட அட்டையும் வலிமை குன்றும். மடல் சேரும் நடுக்கோட்டிலும் இரு ஓரங்களிலும் ஒட்டுநாடா போட்டால் தண்ணீர் புகும் வழி அடைபடும். மளிகைக் கடையில் வாங்கிய பழைய பெட்டியானால் முந்திய முகவரித் தாளையும் பட்டைக் கோடுகளையும் அகற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பொட்டலம் வேறு ஊருக்குப் பயணம் போய்விடும்.

2024 தீபாவளிக்கு அந்தத் தாயார் மாணவர்களின் முறைப்படியே அனுப்பினார். உடைந்ததாகப் புகார் வந்தவை மிகச் சில. கோத்தா கினபாலுவுக்குப் போன ஒரு பெட்டி நனைந்து, அடிப்புறம் பிரிந்து போய்ச் சேர்ந்தது. நெய்யுருண்டைக்கு இந்த முறை சரிவரவில்லை. அதனை அவர் தொலைவுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். ஆனால் வணிகத்தை நிறுத்தவில்லை. அவருடைய மகன் இப்போது இடைநிலைப் பள்ளியில் பயில்கிறான். வீட்டில் அட்டை விசிறி மடிப்பது அவன் வேலை.

பெட்டி போகும் இடம்

இனி, பொருளைப் பெறுகின்ற நம்மைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

கோலாலம்பூரில், பிரிக்பீல்ட்ஸ் உட்பட, வீட்டுக் குப்பையைப் பிரித்து வைப்பது 672-ஆம் சட்டத்தின் கீழ் 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயமாக்கப்பட்டது. தாளுக்கு நீலப் பை, நெகிழிக்கு வெள்ளைப் பை, மற்றவற்றுக்குப் பச்சைப் பை. சிலாங்கூர் அன்று அச்சட்டத்தை ஏற்ற மாநிலங்களில் ஒன்றன்று. ஆகவே கிள்ளானில் நடைமுறை வேறாக இருந்தது. எனினும் "சூராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவி வரும் லாரியை எந்த வட்டாரத்தார்தான் அறியார்? சட்டம் வருவதற்கு வெகு முன்பே மறுபயனீட்டைக் கற்றுக் கொடுத்தவர்கள் அவர்கள்.

பிரிக்காமல் போடும் பெட்டி எங்கே போகிறது? கோலாலம்பூர்க் குப்பை தாமான் பெரிங்கின் மாற்று நிலையம் வழியாக உலு சிலாங்கூரிலுள்ள புக்கிட் தாகார் நிலநிரப்பு இடத்துக்குப் போகிறது. கிள்ளான் வட்டாரக் குப்பைக்குக் கோல சிலாங்கூர் பக்கமுள்ள ஜெராம். அங்கே மற்றக் குப்பையோடு புதைந்து மட்கும் தாள் மீத்தேன் வாயுவை உண்டாக்கும். உலர்ந்த நிலையில் பிரித்து வைத்தாலோ, அது காஜாங்கிலுள்ள தாள் ஆலை போன்ற ஒன்றுக்குப் போய் மறுபடியும் பெட்டித் தாளாகப் பிறக்கலாம். சீனா 2018-இல் தரம் பிரிக்காத பழைய தாள் இறக்குமதியையும் 2021 முதல் எல்லாத் திடக்கழிவு இறக்குமதியையும் தடை செய்த பிறகு, சீனத் தாள் நிறுவனங்களே பெந்தோங்கிலும் பந்திங் வட்டாரத்திலும் ஆலை நடத்த வந்துவிட்டன. பழைய அட்டைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

ஆனாலும் மறுசுழற்சி என்னும் சொல்லைச் சொல்லிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் அட்டையைச் செலவழிக்கலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு முறை கூழாக்கும்போதும் தாளின் நார் குறுகிக்கொண்டே போகும். புதிய நார் சேர்த்துக்கொண்டேயிருக்க வேண்டும். நனைந்ததும் எண்ணெய் ஊறியதும் ஆலைக்கு உதவாது.

மற்றொன்றையும் மாணவர்களோடு பேசினேன். நெகிழி கெட்டது, அட்டை நல்லது என்று ஒரே வரியில் எழுதி முடித்தால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கலாம். உண்மை அவ்வளவு எளிதன்று. குமிழ் நெகிழி இலேசானது, நனையாதது. பெட்டியில் சிக்கனம் பிடித்து முறுக்கு உடைந்தால், அரிசியும் உளுந்தும் எண்ணெயும் எரிவாயுவும் ஒரு தாயின் நள்ளிரவு உழைப்பும் சேர்ந்து குப்பைக்குப் போகின்றன. உடைந்த பொருள்தான் மிகப் பெரிய கழிவு. ஆகவே முதலில் பொருள் உடையாதிருக்க வேண்டும், பிறகு பெட்டி சிறிதாக வேண்டும், அதன் பிறகு மீண்டும் பயன்பட வேண்டும், கடைசியில்தான் மறுசுழற்சி. இந்த வரிசையை நாம் பல வேளைகளில் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறோம்.

2008-இல் அமேசான் நிறுவனம் எளிதில் திறக்கக்கூடிய, மிகைப் பொதிவு இல்லாத பெட்டிகளை அறிமுகப்படுத்தியது உலகச் செய்தியாயிற்று. அதே சிந்தனை கிள்ளானில் ஒரு தமிழ்ப்பள்ளி வகுப்பறையில், பழைய பெட்டியும் கத்தரிக்கோலும் கொண்டு பிறக்க முடியும் என்பதை நான் கண்ணாரக் கண்டேன். நம் பிள்ளைகளுக்குக் குறைவதெல்லாம் அறிவன்று. செய்து பார்ப்பதற்கான பொழுதுதான். சக ஆசிரியர்கள் இதனைத் தத்தம் பள்ளியில் செய்து பார்க்க வேண்டுகிறேன். செலவு ஒரு போத்தல் முறுக்கு மட்டுமே.

வாசிக்கும் அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வீட்டுக்குப் பொட்டலம் வந்தால் பெட்டியைக் கிழிக்காதீர்கள். ஒட்டுநாடாவை மட்டும் வெட்டி, பெட்டியை மடித்து, மழை படாத இடத்தில் வையுங்கள். மூலைகள் நன்றாக இருந்தால், உங்கள் பகுதியில் பலகாரமோ மாலையோ ஊறுகாயோ விற்கும் ஒருவரிடம் கொடுங்கள். வீட்டிலிருந்து விற்பவர் ஒருவர் அனுப்பிய பொருள் உடைந்து வந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்பதற்கு முன், எங்கே உடைந்தது என்பதை ஒரு படத்தோடு பொறுமையாகச் சொல்லுங்கள். போத்தலுக்குள் உடைந்ததா, பெட்டி நசுங்கியதா, மழையில் நனைந்ததா என்பது தெரிந்தால்தான் அவரால் அடுத்த பெட்டியைச் சரியாகக் கட்ட முடியும்.